எண்ணெய் விரல்

வால்டிவியாவில் ஜூலை.
ஒன்பது நாளாக விடாத மழை.
விறகடுப்பின் குழாயைச் சுற்றி மூன்று ஜோடிக் காலுறைகள்
நனைந்த நாயின் வாசத்தோடு காய்கின்றன.
கன்ட்ரோலர் ஒன்று, ஆட்கள் மூவர்,
ஆளுக்கொரு காட்சி.
மற்ற இருவரும் கத்தலாம், கெஞ்சலாம்,
தொடக் கூடாது.

படம்தான்.
ஆனால் நம்மைக் கேட்டுவிட்டு நகர்கிற படம்.
வேறு படமென்றால் அவர்கள் செய்யும் தப்புக்கு
உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போகலாம்.
இங்கே முடியாது. கை நம்முடையது.

பனியில் சிக்கிய ஒரு விடுதி.
வானொலி இயக்கும் ஹெட்விக்.
கதவைத் தட்டுகிற யாரோ.
திரை மெல்ல மங்க, மூன்று வார்த்தைகள் மிதந்து வரும்:
திற. பொய் சொல். ஒளிந்துகொள்.
அடியில் ஒரு வெள்ளைக் கோடு
இரு முனையிலிருந்தும் தேய்ந்துகொண்டே போகும்.

நிபால்தோ,
மர ஆலையில் மேலாளர் முன் கையுறையை வீசிவிட்டு
அரை நிமிடத்தில் வேலையை விட்டவன்,
ஓட்டிப் பார்க்காமலே மோட்டார் சைக்கிள் வாங்கியவன்,
இந்தக் கோட்டின் முன்னால்
கணக்குப் பரீட்சைப் பிள்ளையாய் வேர்க்கிறான்.
"அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்காடா" என்கிறான் என்னிடம்,
தன் தங்கையோடு மூன்று வருடமாகப் பேசாதவன்.

கோடு தீர்ந்தது. அவன் எதையும் அழுத்தவில்லை.
அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டது படம்.
ஹெட்விக் அவனை, இல்லை, எங்களை
ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த காட்சி ஃப்ரேசியாவுடையது.
மழை நாளென்றால் சோப்பாய்பியா; இங்கே அது எழுதாத சட்டம்.
பூசணி பிசைந்த மாவு, காய்ந்த எண்ணெய்,
துடைக்காத கட்டைவிரல்.
'கயிற்றைப் பிடி' என்றது திரை.
வழுக்கியது.
அவ்வளவுதான்.
காதில் மாட்டிய ஹெட்போனோடு
பனிக்குள் போனாள் ஹெட்விக்.

யாரும் பேசவில்லை.
ஆற்றங்கரை மீன் சந்தையில் ஒரு கடல் சிங்கம்
வராத பாக்கியைக் கேட்பதுபோல் குரைத்தது.

முடிந்தபின் ஒரு வரைபடம் காட்டினார்கள்.
நாங்கள் வந்த வழி வெள்ளையில்;
வராத வழிகள் சாம்பல் பெட்டிகளாய், பூட்டோடு,
வேர் மேலே கிளை கீழேயான மரம்.
அந்தப் பூட்டுகள்தான் என் தூக்கத்தைத் தின்றன.
படகுத்துறையில் டிக்கெட் கிழித்தபடி நினைத்துக்கொண்டேன்:
யாரோ ஒரு நடிகை
முகமெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு
ஒரு வெறும் கொட்டகையில்
பகல் முழுக்க அழுதிருப்பாள்,
நாங்கள் நுழையாத அந்த அறைக்காக.
அந்த அழுகை அங்கேயே இருக்கிறது,
எங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை,
இல்லாமல் போகவும் இல்லை.

ஞாயிறன்று முதலிலிருந்து தொடங்கினோம்.
சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள் ஃப்ரேசியா.
எல்லாரும் பிழைத்தார்கள்.
கடைசிக் காட்சியில் ஹெட்விக்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். விடிந்தது. பெயர்கள் ஓடின.
காலுறையைத் திருப்பிப் போட்டபடி நிபால்தோ சொன்னான்:
"நல்ல பொண்ணுதான். ஆனா இவ அவ இல்லை."

செவ்வாயன்று ஃப்ரேசியாவுக்கு வடக்கிலிருந்து தகவல்.
அன்டோஃபகாஸ்தா. சுரங்க அலுவலகம்.
இரட்டைச் சம்பளம், சுற்றிலும் பாலைவனம்.
படித்துக் காட்டிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்தாள்.
நான் நிபால்தோவைப் பார்த்தேன்.
போகாதே. போய் வா. எனக்கென்ன.
மூன்றும் அவன் முகத்தில் மிதந்ததைச் சத்தியமாகக் கண்டேன்.
கோடு மட்டும் இல்லை.
தேயாத நேரம் இன்னும் கொடுமை.
அடுப்புக்குள் ஒரு கட்டை உடைந்து விழுந்தது.

"அங்கே மழையே கிடையாதாமே" என்றான் கடைசியில்,
"அப்போ சோப்பாய்பியா எப்போ சுடுவே?"

எந்தப் பெட்டியிலும் இல்லாத கேள்வி.
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தாள், இரண்டு முறை.
யார் முறை என்று மறந்துவிட்டவள்போல
கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
திரை அணைந்தே இருந்தது.