ஆறு

காலை ஏழு மணிக்கு வானொலி இருமும்.
மஜுரோவில் என் மேசைமேல்
காப்பிச் சூடு தணிவதற்குள்
பதினான்கு தீவுகள் ஒவ்வொன்றாய் வந்து
நேற்றைய வானத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்.

எனெலாப் எப்போதும் கடைசி.
அங்கே மழை அளப்பவள் லிஜோன்.
அவள் குரலுக்குப் பின்னால் சேவல் கூவும்,
யாரோ மணல் போட்டே சட்டி தேய்ப்பார்கள்.
"சுழியம்" என்பாள்.
"சுழியம்" என்று நானும் திருப்பிச் சொல்வேன்.
கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், விதி.
அறுபத்தொரு நாள்
நாங்கள் பேசிக்கொண்டது இந்த ஒரு சொல்தான்.

அடுத்த நாள் "சுவடு" என்றாள்.
அளக்க முடியாத மழைக்கு
எங்கள் படிவத்தில் அந்தப் பெயர்.
குழாயின் சுவர் நனைந்திருக்கும்,
அளவுகோல் நனையாது.

மலையில்லை இந்த நாட்டில், ஆறில்லை.
கூரையில் விழுந்தது தொட்டிக்கு,
மற்றதெல்லாம் கடலுக்கு.
காயலின் நடுவே நேற்றும் பெய்ததாம்.
சாம்பல் திரையாய் இறங்கி
அக்கரைத் தென்னைகளைக் கொஞ்ச நேரம் அழித்துவிட்டு
இவர்கள் கரைக்கு நானூறு அடி இருக்கையில்
நின்றுபோனதாம்.
குடங்களோடு வெளியே வந்தவர்கள்
அப்படியே நின்றார்களாம்.
"எந்தக் கட்டத்தில் எழுதுவது அதை?" என்றாள்.
நீர்மேல் பெய்த மழைக்குக் கட்டமில்லை.

வரைபடத்தில் எனெலாப்புக்கு நான் வைக்கும் புள்ளி
முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு.
சிவப்பாகத் தொண்ணூறு நாள் வேண்டும்;
இடையில் ஒரே நாளில்
ஐந்து மில்லிமீட்டர் பெய்துவிடக் கூடாது.
சிவந்தால் கப்பல் கிளம்பும்:
தண்ணீர்ப் பீப்பாய்கள், உப்பு நீக்கும் இயந்திரம் ஒன்று,
அதை ஓட்டத் தெரிந்த ஒருவன்.
விதியை எழுதியவர்களை எனக்குத் தெரியும்.
நல்லவர்கள்.
அவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.

எண்பத்து நான்காம் நாள்.
சேவல் கூவியது.
பிறகு நெடுநேரம் இரைச்சல்.
"ஆறு" என்றாள்.
"என்ன?"
"ஆறு மில்லிமீட்டர். மூன்றே காலுக்குத் தொடங்கியது.
பதினொரு நிமிடம்."

பேனாவை எடுத்தவன் எடுத்தபடி இருந்தேன்.
அவளுக்குக் கணக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியுமென்று எனக்கும் தெரியும்.
பின்னால் ஊர்த்தலைவர் ஜெல்டன் கத்துவது கேட்டது:
கொட்டிவிட்டுச் சுழியம் என்று சொல்லித் தொலைத்தால் என்னவாம்,
மணலா போய்ச் சாட்சி சொல்லப் போகிறது?
ஒரு கதவு அறைந்து மூடியது.

"இரைச்சலாக இருக்கிறது, லிஜோன்.
நான் தப்பாகக் கேட்டிருக்கலாம்" என்றேன்.
ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டுக் காத்திருந்தேன்.
என்னால் செய்ய முடிந்த ஊழல் அவ்வளவுதான்.
"சரியாகத்தான் கேட்டீர்கள்."
"ஆறு" என்று திருப்பிச் சொன்னேன்.

புள்ளி மஞ்சளுக்குத் திரும்பியது.
தொட்டியடியில் ஒரு சாண் ஏறியிருக்கும்,
பத்து நாள் வரும்.
நாளை முதல் நாள் என்று மறுபடி எண்ண வேண்டும்.
குறிப்பு என்றொரு கட்டம் உண்டு,
நாற்பது எழுத்துக்கு மேல் கணினி வாங்காது.
கிணறு உப்பு, ஈரப்பலா இலை பழுக்காமல் உதிர்கி
என்பதோடு நின்றுவிட்டது.

அளந்த நீரைக் கொட்டிவிட வேண்டும், அதுவும் விதி.
நாளைய மழையோடு கலந்துவிடக் கூடாதே.
"கொட்டியாயிற்றா?"
வழக்கமான கடைசிக் கேள்வி.
"இருங்கள்" என்றாள்.

எங்கள் குழாயில் ஆறு மில்லிமீட்டர் என்பது
ஒரு டம்ளர் தண்ணீர்.
வானொலிப் பொத்தானிலிருந்து கையெடுக்க
மறந்துவிட்டாள் போலும்.
மூன்று மடக்கு கேட்டது.
கொஞ்சம் இடைவெளி விட்டு, அவசரமாய்,
இன்னொரு சின்னத் தொண்டையில் இரண்டு.

"காலி" என்றாள்.
"காலி" என்று திருப்பிச் சொன்னேன்.