தலைச்சன்

நிந்தவூர்க் கரையில் ஓங்கிலொன்று ஒதுங்கிக் கிடக்காம்.
சுபஹு முடியும் முன் அழைப்பு வந்தது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடு, ஆடு,
கோழிக்கு அம்மை, நாய்க்கு விசர் ஊசி.
படிவமும் அப்படித்தான்:
பசு, எருமை, வெள்ளாடு, ஏனையவை.
ஏனையவைக்கு நேரே புள்ளடியிட்டேன்.

நீளம் ஒரு மீற்றர் தொண்ணூற்றிரண்டு.
பெண்.
வலை அறுத்த தடம் இல்லை.
எஞ்சின் விசிறி கொத்திய வெட்டும் இல்லை.
வாயோரம் அந்தச் சிரிப்பு.
அது சிரிப்பல்ல, எலும்பின் வளைவு என்று
கூடி நின்ற பிள்ளைகளிடம் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

எருமைத் தோலுக்குத் தீட்டிய கத்தி.
தோலடிக் கொழுப்பு விரற்கடைகூடத் தேறவில்லை.
பசித்திருக்கிறாள்.
பசித்தால் கொழுப்புக் கரையும்;
வருடக்கணக்காய் அதில் பூட்டி வைத்ததெல்லாம்
திறந்துகொண்டு இரத்தத்துக்கு வரும்.

இரைப்பையில் கணவாய் அலகுகள் பதினேழு,
சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற் ஒரு கிழிசல்.
கைப்பேசிகள் எல்லாம் அதற்குத்தான் உயர்ந்தன.
சூலகத்தை உள்ளங்கையில் வைத்து நான் பார்த்தபோது
அநேகர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள்.

ஓங்கிலின் சூலகம் எதையும் மறப்பதில்லை.
தரித்த கருவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு,
சாகும்வரை.
இவளுக்கு ஒன்றே ஒன்று.
முலைப் பிளவை அழுத்தினேன்.
பால் வந்தது,
டின்பால் மாதிரித் தடித்து,
கையுறைக்குள்ளும் சூடு தெரிய.

கலந்தர் கிட்ட வந்து குந்தினார்.
"டொக்டர், நஞ்சாலதான் எண்டு எழுதிப்போடாதீங்க.
நாளைக்கு ஒரு கிலோ சூரையும் போகாது."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"உண்மையில, மீனத் திங்கலாமா?"

தெரியாது என்றேன்.
அன்றைக்கு நான் சொன்னதில் முழு உண்மை அதுதான்.

ஐஸ்கிறீம் பெட்டியில் கொழுப்பு,
மருந்துப் போத்தலில் பால்.
ஐஸை அவரே உடைத்துத் தந்தார்.
பேராதனைக்கு அனுப்ப வாகனம் கேட்டு எழுதினேன்.
இருபத்தாறு நாளாய்
மாட்டுத் தடுப்பூசிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.
கரண்ட் போகிற இரவுகளில்
காவலாளி சபூர்தீன் ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றுகிறார்,
தன் காசில்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

புத்தகத்தில் இருப்பது இது:
ஆண் ஓங்கில் சேர்த்ததைச் சாகும்வரை சுமக்கும்.
பெண்ணுக்கு ஒரு வழி உண்டு,
பாலில் இறக்கி வைப்பாள்.
ஆற்றுவாயில் தின்ற பத்து வருடமும்
தலைச்சனின் வாய்க்குள் போகும்.
பின்னால் வரும் பிள்ளைகளுக்கு மிச்சம் கொஞ்சந்தான்.
தலைச்சன்
பல வேளை தங்காது.

மார்கழி. களியோடை கரைபுரண்டு போகிறது.
சம்மாந்துறைக் கண்டத்தில் என் கணவருக்கு நாலு ஏக்கர்.
நேற்றுத்தான் புல்லுக்கு அடித்தார்.
ராங்கி கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போனது,
வாய்க்கால் ஆற்றுக்கு,
அதற்கப்பால் சொல்ல என்ன இருக்கிறது.
மண்ணில் தங்காத மருந்தாம், லேபல் சொல்கிறது.
அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் அடித்தது,
பிறகு அரசாங்கம் தடுத்தது,
அது இன்னும் சேற்றுக்குள் கிடக்கலாம்.
எங்கள் தலைச்சனுக்கு ஒன்பது வயது.
பொரித்த சூரை என்றால் இன்னொரு கோப்பை சோறு கேட்பான்.
கணக்கை அந்த இடத்தில் நிறுத்தினேன்.

புதைத்த அன்று பின்னேரம் கலந்தர் அழைத்தார்.
"குட்டியொண்டு போட்டடியில வந்து வந்து முட்டுது டொக்டர்.
அடிப்பலகையில மூக்க வெச்சித் தேடுது.
விரட்டவும் மனமில்ல,
எஞ்சினப் போடவும் ஏலாமக் கிடக்கு."
எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லவில்லை.

மேசையில் அந்தப் படிவம் இன்னும் இருக்கிறது.
பதினோராம் கேள்வி, மாடுகளுக்கானது:
கன்று உண்டு / இல்லை.
பேனையை எடுக்கிறேன்.
குளிர்பெட்டி இரைகிறது.