ஒட்டுதல்

வான் ஏரிமேல் பனி இறங்கிய விடியலில்
ரொட்டிக்கடை செலாமி
ஈஸ்ட் மணக்கும் அட்டைப்பெட்டியோடு வந்தான்.
உள்ளே, முந்தாநாள் பிறந்த நான்கு.
இரண்டு அசையவில்லை.
“நன்றாகத்தான் குடித்தன” என்றான்.
கோட்டைக் கழற்றாமல்
இன்னொரு முறையும் அதையே.

துணியில் கசிந்திருந்த சிறுநீர்
அங்கே இடை சிறுத்த குவளைகளில் தரும்
கடுந்தேநீரின் நிறம்.

இரவுப்பணி முடிந்து கிளம்பவிருந்த ஸோஸான்
கையுறையைத் திரும்ப மாட்டினாள்.
குட்டியின் சிவப்பணுக்கள் ஒரு சொட்டு,
தாயின் சீரம் ஒரு சொட்டு,
கண்ணாடித் தகட்டை மெல்லச் சாய்த்தாள்.
பத்து எண்ணுவதற்குள் திரிந்தது
எலுமிச்சை விழுந்த பாலாக,
சிவப்பில் ரவை ரவையாக.
உறைதல் இல்லை இது. உறைந்தால் காயம் மூடும்.
இது ஒட்டுதல்.
தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டென்று
அவளுக்குத் தெரிய வழியில்லை.

அணுவின் தோலில் ஊன்றிய புரதங்கள்,
கொழுப்பின் இழைகள்;
அவற்றின் நுனிதோறும் சர்க்கரையில் ஒரு கொண்டை.
குட்டிகளின் கொண்டையில் ஓர் ஆக்சிஜன் கூடுதல்:
மீன்சந்தைப் பக்கம் திரியும் வரிப்பூனை கொடுத்த சீர்.
தாய் செதெஃபுக்கு அது இல்லை.
ஒரே ஓர் அணு.
நான் எழுதும் மொழியிலும்
தலையில் ஒரு புள்ளி விழுந்தால்
எழுத்தின் உயிர் போய்விடும்.

ஒரு கண் நீலம், ஒரு கண் தேன்;
இரண்டிலும் பகை இல்லை.
யாரும் கற்றுத்தராமல்
அவள் ரத்தம் தானே வளர்த்த காவல்
சீம்பாலில் இறங்கி நின்றது.
நக்கித் துடைத்து, அணைத்து,
முதல் மடக்கிலேயே
கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது அன்றிரவு போனது.
நான்காவதின் வால்நுனி கறுத்து
காய்ந்த கிராம்பாக உதிர்ந்தது ஒரு வாரத்தில்.
யாரிம் என்று பெயர் வைத்தான். பாதி என்று பொருள்.

ஆகஸ்டில் மறுபடி ஈன்றாள்.
தகப்பன் அவனேதான்,
மதில்மேல் உட்கார்ந்திருந்தான்
எந்தப் பக்கமும் குதிக்கிற யோசனையில்லாமல்.
இரவு மூன்று மணிக்குத் தொலைபேசி.
ஸோஸான் கேட்டது ஒன்றே:
“வாய் வைத்துவிட்டனவா?”
“இன்னும் இல்லை.”
“எடு. ஒரு பகல், ஓர் இரவு.”

அடுப்பின் பின்சுவரோரம் மாவு மூட்டைகளுக்கு நடுவே
மூன்று குட்டிகளுக்கும்
சொட்டுக்குழாயில் பொடிப்பால்.
கதவுக்கு அந்தப்புறம் செதெஃப்.
காதைப் பொத்திக்கொண்டு மாவு பிசைந்தானாம்.
எந்தக் கையால் என்று கேட்காதீர்கள்,
அவன் அப்படித்தான் சொன்னான்.

குடலின் கதவு சாத்திய பிறகு
அதே பால், வெறும் பால்.

மறுநாள் விடியலில் தாழ்ப்பாளை நீக்கினான்.
ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ரொட்டி வாசனை. தும்மினாள்.
ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதுபோல்
முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் கொஞ்ச நேரம்.
பிறகு சரிந்து படுத்தாள்.

ஸோஸானுக்கு வந்த படத்தில்
மங்கலாக மூன்று முதுகுகள்,
ஓரத்தில், ஃபிரேமை விட்டு வெளியேறும் யாரிம்;
வால் மட்டும்
முடியவேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே
முடிந்திருந்தது.