புள்ளிக் கணக்கு

கான்ஸ்டன்ஸ் ஏரியின் அடிச்சேற்றைக்
குழாயில் உருவி எடுத்து
விரற்கடை விரற்கடையாய் அறுத்து
ஆண்டு எழுதி ஒட்டியவள் ரெகுலா.
எனக்கு வந்த துண்டில் 1974.
நான் பிறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அதற்குள் கடுகைவிடச் சிறிய
ஒரு கறுப்புப் பொட்டலம்,
பொட்டலத்தில் இரண்டு முட்டை.
ஒன்று பொய்த்தது.
மற்றது, விளக்குக்கும் இருபது டிகிரித் தண்ணீருக்கும்
ஐந்தாம் நாள் நீந்தியது.

நீர்த்தெள்ளு.
கணக்குப்படி எனக்கு அக்கா.

ஒளிவு மறைவு இல்லாதவர் என்று
இனி யாரைச் சொன்னாலும் நம்பமாட்டேன்.
இவள் தின்ற பாசி குடலில் பச்சையாய்ப் போவது தெரிகிறது.
இருப்பது ஒரே கண். அதுவும்
சும்மா இருக்கத் தெரியாமல் நடுங்குகிறது.
நெஞ்சைத் தொட்டுச் சொல் என்றால்
முதுகைத்தான் தொடவேண்டும் இவள்:
அங்கேதான் அது,
குழாய் கிடையாது, நாளம் கிடையாது,
உடம்பு முழுக்க ஒரே குளம்,
குளத்துக்குள் கிடந்து
அடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பை.

வாயால் எண்ணினால் வாய் தோற்கும்.
கண்ணை நுண்ணோக்கியில் விட்டுவிட்டுக்
கையைத் தாளில் விடவேண்டும்;
ஒவ்வொரு துடிப்புக்கும் பென்சிலால் ஒரு குத்து,
பத்து நொடி.
பிறகு சாவகாசமாய் எண்ணலாம்.
நாற்பத்தெட்டு. ஆறால் பெருக்கு.

அந்தக் காலத்து ஏரியில்
ஊர்ச் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும்.
பாசி கஞ்சிபோல் கெட்டியாய் இருந்ததாம்.
இப்போது அடி தெரியும் தெளிவு,
படகில் வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள்.
அக்காவுக்கு இது பஞ்சம்.
சொட்டுக் குழாயால் நான்தான் ஊட்டினேன்.

பன்னிரண்டாம் நாள்
முதுகறையைத் திறந்து ஏழு பேரை வெளியே விட்டாள்,
விட்ட கையோடு சட்டையை உரித்தாள்,
நீந்தும் கொம்பின் மயிர்வரை முழுசாய்.
ஆண் என்று ஒருவன் அந்தக் குடுவைப் பக்கமே வந்ததில்லை.
அம்மாவை உரித்து வைத்தாற்போல என்று
நாம் சும்மா சொல்லிக்கொள்கிறோம்.
இங்கே அது அட்டவணையில் ஒரு வரி.

முப்பத்தொன்பதாம் நாள் இருபத்தாறு புள்ளி.
நாற்பதாம் நாள் பதினொன்று,
இரண்டு புள்ளிக்கு இடையில்
ஒரு விரல் வைக்கலாம்.

நேற்று
பென்சிலைத் தாளுக்கு ஒரு நூல் மேலே
பிடித்தபடி இருந்தேன்.
கோட்டு போட்டு, பையும் மாட்டி,
எல்லை தாண்டும் ரயிலுக்குக் கிளம்பிய ரெகுலா
வாசலில் நின்று எத்தனை என்றாள்.
இரு,
இன்னும் பத்து நொடி ஆகவில்லை என்றேன்.