மட்டம்

ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு
மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேளச்சேரியில், எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில்,
ஏழாம் தூணுக்கும் எட்டாம் தூணுக்கும் நடுவே.
பத்திரத்தில் என் பெயருக்கு எழுதிய இடம்.
கார் வாங்கவில்லை.
ஸ்கூட்டர் அந்த டிசம்பரோடு போயிற்று.
இப்போது இருப்பது ஒரு கேனோ.

பதினாலடி. முப்பத்திரண்டு கிலோ.
முட்டுக்காட்டில் யாரோ கழித்துக்கட்டிய பச்சை ஃபைபர் தோணி,
மூக்கில் ஒட்டுப் போட்டது.
குட்டி யானையில் வந்து இறங்கியபோது
பின்னால் நீண்ட ஆறடிக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.
செயலாளர் ஜம்புலிங்கம் நோட்டோடு வந்தார்.
"டூவீலரா, ஃபோர்வீலரா? மெயின்டனன்ஸ் எதுல போடறது?"
சக்கரமே இல்லை சார் என்றேன்.
இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு
'இதர' என்று எழுதிக்கொண்டார்.
தூணில் மட்டும் துளை போடக் கூடாதாம்.

சரி, தன் காலில் தானே நிற்கட்டும்.
சூளை மரக்கடையில் பழைய கதவுச் சட்டங்கள்.
தேக்கு என்று சத்தியம் செய்தார்.
ரம்பம் பட்டதும் வேம்பு மணத்தது.
போகட்டும், கரையான் கிட்டே வராது.
தரையில் கால் பதித்து ஒரு பெரிய ட.
அதன் நெஞ்சுயரத்தில் கை நீட்டி ஒரு சின்ன ட.
அதேபோல இன்னொரு ஜோடி, ஏழடி தள்ளி.
கோடியில் தாங்கினால் வயிறு தொங்கும்,
நடுவில் தாங்கினால் மூக்கும் வாலும் தொங்கும்;
ஏழடி என்பது
மூன்று முறை தவறாக வைத்துப் பார்த்துக் கண்டது.
கைகளுக்குச் சிராஜுதீன் பஞ்சர் கடையின் லாரி ட்யூப்,
கிழித்துச் சுற்றி ஆணியடித்தேன்.
கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பு.

ஆனால் மட்டம் வரவில்லை.
தரையிலிருந்து சரியாக நாலடி அளந்தும்
ஒரு கை தாழ, ஒரு கை உயர,
தோணி வாலை இறக்கிக்கொண்டு வழுக்கியது.
டேப்பைச் சந்தேகித்தேன்.
மரத்தைச் சந்தேகித்தேன்.
என் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைச் சந்தேகித்தேன்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
தூண்களில், மூன்று பூச்சு பெயின்ட்டுக்கு அடியிலிருந்து
டீக்கறை நிறத்தில் கசிந்து வந்த கோடு.
வீட்டு விலை இறங்கும் என்று
கூட்டம் போட்டு அழிக்கச் சொன்ன கோடு.
பன்னிரண்டு தூணிலும் ஒரே உயரம்,
நூல் பிசகவில்லை.
நான்கு நாள் நின்ற தண்ணீர்
எந்தக் கொத்தனாரையும் கேட்காமல்
போட்டுவிட்டுப் போன மட்டக்கோடு.
சரிந்திருந்தது தரைதான்.

கோட்டைப் பார்த்துக் கைகளைக் கழற்றி மாற்றி அடித்தேன்.
காவலுக்கு இருக்கும் பிகேன் மறுமுனை பிடிக்க
தூக்கி வைத்தோம்.
அசையவில்லை.

மல்லாக்க வைத்தால் ஏசி சொட்டுவது உள்ளே தேங்கும்.
கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பெண்
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கவுத்து வையுங்கக்கா" என்றாள்.
கவிழ்த்தேன்.
துடுப்புகளை இருக்கைக்கு அடியில் செருகினேன்.
கயிற்றில் உருவுமுடிச்சு.
முதலில் போவது கரண்ட்டுதானே;
இருட்டில் ஒரு கையால் இழுத்தால் அவிழ வேண்டும்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் இரவு,
மழை விட்டபாடில்லை.
எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை.
சும்மா ஒரு எட்டு பார்க்கப் போனேன்.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
தோணிக்குக் கீழே ஜம்புலிங்கம் நின்றிருந்தார்.
சாக்கடை மூடி மெல்லக் கொப்புளிக்கும் சத்தம்.
"எத்தனை பேர் உக்காரலாம்?"
ரெண்டு பேர் சார்.
அவர் வீட்டில் மூன்று பேர்.
நான் ஒருத்தி.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
கயிற்றின் நுனியைத் தொட்டார், லேசாக இழுத்தார்.
முடிச்சு அவிழ்ந்துவிட்டது.
திரும்பக் கட்டத் தெரியாமல்
கயிற்றைக் கையில் பிடித்தபடி
அப்படியே நின்றார்.