இதர

மாநகராட்சி தந்த படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நடப்போர். ஓடுவோர். மிதிவண்டி.
நாயோடு வருவோர். விளையாட்டு. உட்கார்ந்திருப்போர்.
ஏழாவது, இதர.

மெல்பர்ன், ராயல் பார்க்.
நூற்றெழுபது ஹெக்டேருக்கு மேல் என்றார்கள்.
என் பங்குக்கு ஒரு யூகலிப்டஸ், மூன்று பாதை,
ஒரு மடக்கு நாற்காலி, கையில் சொடுக்கி.
காலை ஆறு முதல் பத்து வரை.

முதல் நாள்
எல்லாரும் கட்டத்துக்குள் அடங்கினார்கள்.
ஒரு பெண் மட்டும் ஆறு நாயோடு வந்தாள்.
ஒன்றா, ஏழா?
"ஆளை எண்ணு, வாலை எண்ணாதே"
என்றான் மேற்பார்வை டேமியன்.

ஆறரைக்குச் சிங்கம் உறுமும்.
வேலிக்கு அப்பால் விலங்குக் காட்சிசாலை.
ஓடுகிற எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
நான்தான் பேனாவைக் கீழே போடுவேன்,
மூன்றாம் நாளும் போட்டேன்.

அன்றைக்குத்தான் லொரெய்ன் வந்து நின்றாள்.
எழுபத்தாறு வயது, சிவப்பு மழைக்கோட்டு, நாய் இல்லை.
படிவத்தை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"குடியிருப்பு என்று கட்டம் இல்லையா?"

போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கே
கூடாரம் அடித்துக் கிடந்தார்கள்.
அவர்கள் போனபின் அந்தத் தகரக் கொட்டகைகளில்
வீடில்லாத குடும்பங்கள்.
"அதோ, அந்த ஹாக்கி கோலுக்கு இந்தப்பக்கம்
எங்கள் அடுப்பு.
ஒலிம்பிக் வருகிறது, ஊர் அழகாக இருக்கவேண்டும் என்று
எங்களைக் கூட்டிப் பெருக்கினார்கள்."
சொல்லிவிட்டு நடந்தாள்.
நடப்போர் என்று அழுத்தப் போன விரல்
இதரவுக்கு நகர்ந்தது.

பிறகு எனக்குக் கை கெட்டுவிட்டது.

இடைவேளையில் கல்தூணைப் போய்ப் பார்த்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபது, ஆகஸ்ட்.
கண்டத்தைக் குறுக்கே கடக்கப்
பயணக்குழு ஒன்று புறப்பட்ட இடம்.
குதிரைகள், வண்டிகள், இருபத்தாறு ஒட்டகங்கள்.
வழியனுப்பப் பதினைந்தாயிரம் பேர் வந்தார்களாம்.
யார் சொடுக்கியது?
ஒட்டகத்தோடு கப்பலில் நம் பக்கத்திலிருந்து வந்தவர்களில் ஒருவன்
கொடுத்த மாட்டிறைச்சி தொண்டையில் இறங்காமல்
சில நாளிலேயே கணக்குத் தீர்த்துக்கொண்டு விலகினானாம்.
அவனை நடப்போரில் சேர்த்தேன்.
நூற்றறுபது வருடத் தாமதத்தில் ஒரு சொடுக்கு.

மேற்கே மழைநீர் தேக்கப் புதிதாய் வெட்டிய குளத்துக்கு
இந்த மண்ணின் பழைய மொழியில் பெயர்:
மணிப்பறவையின் நீர்நிலை.
பூங்கா என்று வேலி போடத் தோன்றாதவர்களின் சொல்.
அவர்களை எண்ண
என்னிடம் சொடுக்கியும் இல்லை, துணிச்சலும் இல்லை.

ஐந்தாம் நாள் ஏழேகாலுக்கு
குழந்தைகள் மருத்துவமனைப் பக்கமிருந்து ஒருவன்.
வீட்டுச் செருப்பு, சட்டையில் பார்வையாளர் ஒட்டுத்தாள்.
பனி விழுந்த புல்லில் பாதம் நனைய நின்று
மூன்றாம் மாடி ஜன்னலையே பார்த்தான்.
நடக்கவில்லை. ஓடவில்லை. உட்காரவில்லை.
சிங்கம் உறுமியது.
அவன் ஒருவன்தான் திரும்பிப் பார்த்தான்.
எனக்குத் தெரிந்தவரைக்கும்
இந்தப் பூங்கா அந்தப் பதினோரு நிமிடத்துக்காகவே
இத்தனை வருஷம் கட்டாந்தரையாய் விடப்பட்டிருந்தது.

டேமியன் தாளைப் புரட்டினான்.
"இதர நாற்பது சதவீதமா?
இரண்டுக்கு மேல் போனால் கணினி ஏற்காது."
சரி, திருத்தித் தருகிறேன் என்றேன்.
திருத்தவில்லை.

கடைசி நாள், பத்து மணி.
நாற்காலியையும் சொடுக்கியையும்
அடுத்த ஷிஃப்ட் வியட்நாமியப் பையனிடம் கொடுத்தேன்.
ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது.
டப்பாவைத் திறந்து
ஆறிப்போன பிட்டைத் தின்றபடி அழுதேனா சிரித்தேனா,
அதன்பின் அப்படியே
புல்லில் மல்லாந்து படுத்தேன்.

சொடுக்குச் சத்தம் வரவில்லை.
யோசிக்கிறான் போல.