இரண்டு புள்ளி

கடைசிப் பக்கத்தில் ஜெனோவா ரீச்சர் சிவப்பில் எழுதியிருந்தா:
"ஆட்சி எங்கே? இரண்டு புள்ளி போச்சு."
விடை சரி. வரைபும் சரி.
x இலிருந்து நாலைக் கழித்து
வர்க்கமூலம் எடுத்து மூன்றால் பெருக்கின வளையி
துள்ளி எழும்பி, பிறகு சோம்பிப் படுத்திருந்தது.
எந்த எண்களை உள்ளே விடலாம் என்று மட்டும்
நான் சொல்லவில்லை.

பின்சில்லில் காற்றில்லை.
நாவற்கண்டல் குளக்கட்டால் சைக்கிளை உருட்டி வந்தேன்.
ஆவணி. அளவுகோலின் காலைச் சுற்றிச் சேறு
பாளம் பாளமாய் வெடித்திருந்தது.
துருசின் வாசல் நாலடியில்.
தண்ணீர் சரியாக நாலில் நின்றால்
வாய்க்காலுக்குப் பூச்சியம். அது ஒரு விடை.
மூன்றரையில் நின்றால்
சூத்திரம் பூச்சியம் என்றுகூடச் சொல்லாது,
வாயை மூடிக்கொள்ளும்.
இவ்வளவு நாளும் இரண்டும் ஒன்றென்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்!

பதின்மூன்றில் வான் பாயும்.
அதற்கு மேலே இந்தக் குளத்துக்கு எண் இல்லை.
நாலு தொடக்கம் பதின்மூன்று வரை ஆட்சி,
பூச்சியம் தொடக்கம் ஒன்பது வரை வீச்சு.
சைக்கிளை மருதில் சாய்த்துவிட்டு
உள்ளங்கையில் எழுதினேன். வியர்வையில்
ஒன்பது கரைந்தது.

பங்குனியில் கமக்காரர் கூட்டம்
சிறுபோகம் நூற்றிருபது ஏக்கர் என்று
கையுயர்த்தித் தீர்மானித்தது.
நூற்றிருபது, இணையாட்சி.
அறுத்தது எழுபத்தாறு.
கூட்டப் புத்தகத்தில் எழுபத்தாறுக்கு
இன்னும் ஒருவரும் பக்கம் ஒதுக்கவில்லை.

இரவு சத்தமாகப் பாடமாக்கினேன்:
"சார்பின் வீச்சைக் காண்க."
அரிசி புடைத்த அம்மாவின் கை நின்றது.
"எத்தினை கிலோமீற்றர்?"
கேட்டுவிட்டுத் தானே சிரித்தா.
சுளகு மறுபடி அசைய
கொஞ்சம் நேரம் எடுத்தது.

நான் பிறந்தது மீளக் குடியேறின பிறகு.
எனக்கு வீச்சு என்றால் y அச்சு.
அவவுக்கு, எங்கிருந்து கிளம்பினது
எதுவரை வந்து விழும் என்ற கணக்கு;
அதற்கு வெளியே ஓரிடம் தேடித்தேடி
தறப்பாளைக் கழற்றிக் கட்டின ஊர்கள்.
முழங்காவில், தருமபுரம், பிறகு விசுவமடு.
அதற்குப் பிறகு பெயர் சொல்லமாட்டா.
ஆட்சி என்ற அடுத்த சொல்லை
மனதுக்குள்ளே வாசித்தேன்.

விடிய, துருசுக்குக் கீழே
அந்த விடையில்லாத தண்ணீருக்குள்
இடுப்பளவில் நின்றான் கீர்த்திகன்.
அவனுக்கும் இரண்டு புள்ளி போனது, கவலையில்லை.
வலையை இழுத்தான். யப்பான் மீன் துடித்தது,
ஒரு விராலும்.
"வரையறுக்கப்படவில்லை" என்றேன்.
"என்னது?" என்றான்.

பள்ளிக்கூடத்தில் முதல் வரியாய்
x நாலிலும் குறையாது என்று எழுதினேன்,
சார்பை அதற்குக் கீழே.
ரீச்சர் இரண்டு புள்ளியும் தந்தா.
சந்தியில் மீன்
கிலோ அறுநூறு.